ஜெர்மனிக்குப் போகிற வழியில் ஆங்கிலம் சுங்கச்சாவடியா?



கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் பாதியில் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் படம் போட்டவர்கள் மட்டும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வகுப்பில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். நம் பெருமுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி. அம்மா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நர்சிங் டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வேலையும் பார்த்துவிட்டாள். ஜெர்மனிக்குப் போக ஆசைப்பட்டு ஒரு பயிற்சி மையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "முதலில் ஆறு மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்துவிட்டு வா, அப்புறம் ஜெர்மனைப் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தச் செய்தி குழுவுக்கு வந்ததும் ஒருவர் எழுதினார்: "இங்கிலீஷே வரல, இதுல ஜெர்மனா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் என் மாணவர்தான், அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. மறுநாள் காலையில் அவர் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறியிருந்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவன் நான். அந்த உரிமையோடு சொல்கிறேன். ஜெர்மன் படிக்க ஆங்கிலம் முன்நிபந்தனை என்பது தவறு. அது மட்டுமில்லை, நாம் ஆங்கிலம் படித்த விதத்தில் ஜெர்மன் படித்தால் அதுவே தடையாகவும் நிற்கும். ஒரு சின்ன ஆங்கிலச் சொற்றொடரை வைத்தே இதைக் காட்டுகிறேன்.

'கிவ் அப்.' நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பில் ஃப்ரேசல் வெர்ப் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதுவேன். இடப்பக்கம் கிவ் அப், வலப்பக்கம் கைவிடு. இடப்பக்கம் புட் ஆஃப், வலப்பக்கம் தள்ளிப்போடு. இருபது சொற்றொடர், நாளைக்கு ஒப்பிக்க வேண்டும், ஒப்பிக்காதவன் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். உங்களில் பலர் ஒப்பித்தீர்கள். மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற அந்தப் பழக்கத்தை உங்கள் தலையில் ஏற்றியவன் நான்தான். இன்று பயிற்சி மையங்கள் செய்வதும் அதையேதான். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஜெர்மன். ஆக, இந்தச் சண்டையில் பாதி எனக்கும் என் கரும்பலகைக்கும் நடக்கிற சண்டை.

இப்போது அந்தக் 'கிவ் அப்'பை ஜெர்மனுக்குக் கொண்டு போவோம். ஜெர்மனில் 'கேபென்' என்றால் கொடு. 'அவுஃப்' என்றால் மேலே. இரண்டையும் சேர்த்தால் 'அவுஃப்கேபென்'. கிவ், அப், அச்சு அசலாக அப்படியே. "பார்த்தீர்களா சார், ஆங்கிலம் தெரிந்தால் ஜெர்மன் எவ்வளவு சுலபம்!" என்பீர்கள். முயற்சியைக் கைவிடாதே என்பதற்கு அது சரியாகவே பொருந்தும். வைத்தியர்கள் அவரைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதற்கும் பொருந்தும். ஒரு இடத்தில் பொருந்திவிட்டதால் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நம்பத் தொடங்குகிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேருந்தில் ஒரு வயதான அம்மாவுக்கு இடத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இதுவும் கிவ் அப். ஜெர்மனில் இதற்கு இயல்பான சொல் 'ஊபர்லாஸென்'. போரில் ஒருவன் சரணடைகிறான். ஆங்கிலத்தில் கிவ் அப். ஜெர்மனில் 'ஸிஷ் எர்கேபென்'. ஒருவர் சிகரெட்டை விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அதுவும் கிவ் அப். ஜெர்மனில் அவுஃப்கேபென் என்றால் புரியும்தான், ஆனால் சாதாரணப் பேச்சில் 'அவுஃப்ஹோரென்', அதாவது நிறுத்து என்பார்கள்.

இப்போது தமிழைப் பாருங்கள். கைவிட்டார். விட்டுக்கொடுத்தார். சரணடைந்தார். நிறுத்தினார். தமிழில் இவை நாலும் ஏற்கெனவே வேறு வேறு சொற்கள். ஆங்கிலம் நாலையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறது. தமிழில் பிரிந்து கிடப்பதை ஆங்கிலச் சாக்கில் போட்டுக் கட்டி, பிறகு ஜெர்மன் வாசலில் அவிழ்த்துப் பிரிப்பது எதற்காக? நேராகவே எடுத்துப் போகலாமே!

போகிற வழியில்தான் இந்தக் கஷ்டம் என்றில்லை, திரும்பி வரும்போது இன்னும் மோசம். ஜெர்மானியர் தபால் நிலையத்தில் பார்சலைக் கொடுப்பதற்கும் அவுஃப்கேபென் என்கிறார்கள். வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுப்பதற்கும் அதே சொல். ஒரு ஜெர்மன் பையன் தன் வாத்தியாரைப் பற்றி "அவர் நிறைய அவுஃப்கேபென் செய்கிறார்" என்று சொன்னால், பட்டியலை மனப்பாடம் செய்தவன் "பாவம், அந்த வாத்தியார் எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டார்" என்று இரங்குவான். பையன் சொல்வது வீட்டுப்பாடம் தாங்கவில்லை என்று.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பெண் போகப்போவது ஆஸ்பத்திரிக்கு.

ஜெர்மன் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதற்கு 'ஊபர்காபெ' என்று பெயர். ஒப்படைத்தல் என்ற வினை 'ஊபர்கேபென்'. கேபென் கொடு, ஊபர் என்றால் மேலாக, கடந்து. ஆங்கிலத்தின் ஹேண்ட் ஓவருக்கு அருகில் வருகிறது. சரி. இப்போது அதே ஒப்படைப்பில் இரவு ஷிப்ட் செவிலியர் சொல்கிறார்: "தேர் பாட்ஸியென்ட் ஹாட் ஸிஷ் ட்ஸ்வைமால் ஊபர்கேபென்." ஆங்கிலம் வழியாக ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தால், நோயாளி தன்னை இரண்டு முறை ஒப்படைத்தார் என்று வரும். உண்மையில் அவர் சொன்னது, நோயாளி இரண்டு முறை வாந்தி எடுத்தார். நடுவில் 'ஸிஷ்' என்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்ததும் ஒப்படைப்பு வாந்தியாகிவிடுகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த மருந்தை எப்போது கொடுப்பது, வைத்தியரைக் கூப்பிடுவதா வேண்டாமா, எல்லாமே தவறிப்போகும்.

"தமிழ் வழியாகப் போனாலும் இது தானாக விளங்காதே சார்" என்று நீங்கள் கேட்கலாம். விளங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வாந்தி எடுத்தார்' என்கிறோமே, அவர் எதை எடுத்தார்? எங்கிருந்து எடுத்தார்? தமிழ் பேசுகிற ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை. வினை தன் துணைச்சொல்லோடு சேர்ந்தால் பழைய பொருளை விட்டுவிடும் என்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். பட்டியலை ஒப்பித்தபோதுதான் அந்த அறிவைத் தொலைத்தோம்.

அந்தப் பெண்ணின் வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் உப்பு வாருகிறார்கள். காலையில் தலை வாருகிறோம். மனம் உள்ளவன் வாரிக்கொடுக்கிறான். திருடன் வாரிச் சுருட்டிக்கொண்டு போகிறான். நம்பினவன் காலை வாரிவிடுகிறான். 'வாரு' என்ற ஒரே வினை, எத்தனை பொருள்! அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இதை யாரும் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. ஒரு இடத்திலும் அவர் தடுமாறுவதும் இல்லை. ஃப்ரேசல் வெர்ப் என்று நாம் பயந்து நடுங்கிய சங்கதியைத்தான் அவர் பாத்தியில் நின்றுகொண்டு நாள் முழுக்கப் பேசுகிறார்.

இன்னொன்று. 'புட் ஆஃப்' என்பதில் புட் என்றால் வை. கூட்டத்தைத் தள்ளிப்போடுவதற்கும் வைப்பதற்கும் என்ன உறவு என்று கேட்ட மாணவனை நான் உட்கார வைத்திருக்கிறேன். எனக்கே தெரியாததால்தான் உட்கார வைத்தேன். ஜெர்மனில் தள்ளிப்போடுவதற்கு 'ஃபெர்ஷீபென்' என்பார்கள். ஷீபென் என்றால் என்ன தெரியுமா? தள்ளு. வண்டியைத் தள்ளுவதற்கும் அதே சொல்தான். தமிழனும் தள்ளுகிறான், ஜெர்மானியனும் தள்ளுகிறான். நடுவில் நிற்கும் ஆங்கிலம்தான் வைக்கிறது.

'லாஸென்' என்ற ஜெர்மன் வினையும் அப்படித்தான். அது நம் 'விடு'வுக்குக் கிட்டத்தட்டக் கூடப்பிறந்தது. போக விடு என்பதில் லாஸென். மனைவியை விட்டுப்போனான் என்பதற்கு 'ஃபெர்லாஸென்'. விட்டுக்கொடு என்பதற்கு 'ஊபர்லாஸென்'. மழை விடுகிறது, வலி கொஞ்சம் விட்டிருக்கிறது என்பதற்கு 'நாக்லாஸென்'. வலி விட்டதா என்று ஒரு செவிலியர் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பார்! ஆங்கிலத்திலும் 'லெட்' என்று ஒரு சொல் உண்டு, அதற்கும் இப்படிக் கிளைகள் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு 'விடு' ரத்தத்தில் இருக்கிறது. 'லெட் அப்' எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

வாக்கிய அமைப்புக்கு வருகிறேன். "அவன் நேற்று சென்னைக்குப் போயிருக்கிறான்." ஜெர்மனில் 'என்று' போட்டுச் சொல்கிற துணை வாக்கியத்தில் இது எப்படி வரும்? "தாஸ் ஏர் கெஸ்டர்ன் நாக் சென்னை கெஃபாரென் இஸ்ட்." ஏர் அவன். கெஸ்டர்ன் நேற்று. நாக் சென்னை, சென்னைக்கு. கெஃபாரென், போய். இஸ்ட், இருக்கிறான். போய் இருக்கிறான்! 'என்று' மட்டும் அவர்களுக்கு முன்னால் வருகிறது, நமக்குப் பின்னால். மற்றதெல்லாம் ஒரே வரிசை. இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். வினை நடுவில் ஏறிவிடும், சென்னை பின்னால் போகும், நேற்று கடைசியில் தொங்கும். தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டு வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனுக்காக மறுபடி நேராக்கச் சொல்கிறோம். இதற்குக் கட்டணமும் வாங்குகிறோம்.

அவுஃப்கேபென் போன்ற பிரியும் வினைகளில், சாதாரண வாக்கியத்தில் 'அவுஃப்' கழன்று வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். "இஷ் கேபெ தாஸ் பாகேட் மோர்கென் அவுஃப்", நாளைக்குப் பார்சலைத் தபாலில் கொடுக்கிறேன். கடைசிச் சொல் வரும்வரை பொருள் முடியாது, காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்லிப் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். நமக்கு என்ன? "நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக" என்று ஒருவர் ஆரம்பித்தால், முடியும் என்கிறாரா முடியாது என்கிறாரா என்று கடைசிவரை காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாம்.

சரி, எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பத்து மொழிகள். கை, வீடு, பால், தண்ணீர் போன்ற எத்தனையோ சொற்கள் இரண்டிலும் ஒரே சாயல். எழுத்தும் ஏறக்குறைய ஒன்றே. கண்டுபிடி என்பதற்கு ஜெர்மனில் வரும் 'ஹெராவுஸ்ஃபின்டென்' அப்படியே ஆங்கிலத்து ஃபைன்ட் அவுட்தான், அங்கே தமிழ் உதவாது. நல்ல அகராதிகளும் பாடநூல்களும் ஆங்கிலம் வழியாகவே அதிகம் கிடைக்கின்றன. ஆங்கிலம் தெரிந்தவன் அதைத் தூக்கி எறிய வேண்டாம், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும். நான் எதிர்ப்பது ஒன்றைத்தான். தெரியாதவளை வாசலிலேயே நிறுத்துவதை.

அந்தப் பெண் எழுதப்போகும் ஜெர்மன் தேர்வின் கேள்விகள் ஜெர்மனில்தான் இருக்கும், பதிலும் ஜெர்மனில்தான் எழுத வேண்டும். செவிலியராக முழு அங்கீகாரம் வாங்க அங்கே பொதுவாகக் கேட்பது ஜெர்மனில் பி2 நிலை. 2024-இல் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். வாசலை அவர்கள் அகலமாக்குகிறார்கள், நாம் இங்கே சுங்கச்சாவடி போட்டு மறிக்கிறோம். ஆங்கிலத்தை முன்நிபந்தனை ஆக்கியது ஜெர்மனி இல்லை. ஆங்கிலத்தில் மட்டுமே விளக்கத் தெரிந்த வாத்தியாரின் வசதிக்காக வந்த விதி அது. வாத்தியாரின் குறைக்கு மாணவி அபராதம் கட்ட வேண்டுமா?

ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கடற்கரையிலேயே, தெற்கே தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு என்ற ஜெர்மன் இளைஞர் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். உதவிக்குப் போர்த்துகீசியம் இருந்தது, துபாஷி இருந்தார். ஆங்கிலத்தின் தயவு வேண்டியிருக்கவில்லை. வந்து பத்து வருடம் ஆவதற்குள் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துவிட்டது. கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் கொடுத்தது 1856-இல். அங்கிருந்து இங்கே நேராக வர முடிந்ததென்றால், இங்கிருந்து அங்கே போக மட்டும் லண்டன் வழியாகச் சுற்ற வேண்டுமா? 1983 கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போன ஈழத்தமிழர்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக இல்லாத எத்தனையோ பேர் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துகொண்டே ஜெர்மன் கற்றார்கள். அவர்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் ஜெர்மனும் பேசி வளர்ந்தார்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். என் மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம், வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். நாம் இங்கே கல்லூரி முடித்ததை 'பாஸ்டு அவுட்' என்போம் அல்லவா, அப்படி எழுதி, கைப்பேசியில் ஜெர்மனுக்கு மாற்றி அனுப்பிவிட்டார். மற்ற ஊர்களில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் மயங்கி விழுவது என்றுதான் அர்த்தம். "கல்லூரியில் மயங்கி விழுந்தேன்" என்று ஜெர்மனில் போய்விட்டது. "நான் படிப்பை முடித்தேன்" என்ற எளிய தமிழிலிருந்து அவர் கிளம்பியிருந்தால் அந்தக் குழி வந்தே இருக்காது. இதை என்னிடம் சொல்லிச் சிரித்தவர் அவரேதான். அவரும் போன வாரம் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். எனக்கு ஜெர்மன் தெரியாது, அவளோடு சேர்ந்துதான் படிக்கிறேன். அவள் என்னைவிட வேகம். நோட்டில் தனிச்சொல் எழுதுவதில்லை, முழு வாக்கியம்தான். "பாட்டிக்கு இடம் விட்டுக்கொடுத்தேன்." "நோயாளி வாந்தி எடுத்தார்." "வலி விட்டதா?" இடப்பக்கம் அவள் வாயில் வருகிற தமிழ், வலப்பக்கம் ஜெர்மன். நடுவில் பத்தி கிடையாது. நாங்கள் எழுதியதைத் திருத்த ஒரு நல்ல ஜெர்மன் ஆசிரியர் வேண்டும். ஏனென்றால் நாங்கள் இருவரும் சேர்ந்து தவறு செய்தால் அது தவறு என்று சொல்ல ஆளில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் மாணவர்களே, வாரத்துக்கு அரை மணி நேரம் வீடியோ காலில் வாருங்கள். குழுவில் கேலி எழுதச் செலவான நேரத்தைவிட அது அதிகம் ஆகாது.

சென்ற செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள்: "சார், ஜெர்மன்ல 'அவுஃப்காபெ'ன்னா வேலை, கடமைன்னு போட்டிருக்கு. விட்டுடறதுன்னும் போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணா எப்படி சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி உட்கார வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. "தெரியலம்மா, ரெண்டு வாக்கியம் எழுதிப் பார்ப்போம்" என்றேன். எழுதினோம். வாக்கியத்தில் போட்டதும் எது கடமை, எது விட்டுவிடுவது என்று அவளே சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒன்று. குழுவை விட்டுப் போன அந்த அப்பாவை யாராவது போய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, திரும்ப அழைத்து வாருங்கள். இதை நான் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்ய வேண்டும். இதுவும் வீட்டுப்பாடம்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய இங்கிலீஷ் சார்,
பெருமுக்கல்